டும் அண்ணனின் இரண்டு கிடார்கள்

தர்மபுரி மாவட்டத்தில் முடிவெடுக்கத் தெரியாதவர்கள் எல்லாம் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தால், அதற்கு நிரந்தரத் தலைவராக டும் அண்ணனைத்தான் உட்கார வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பதவியை ஏற்பதா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சங்கமே கலைந்து போயிருக்கும்.

அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எல்லோரிடமும் டீயா காபியா என்று கேட்பார். டும் அண்ணனிடம் மட்டும் கேட்கவே மாட்டார். ஒரு தடவை கேட்டு, பதில் வருவதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டதாம். அதிலிருந்து தானே எதையாவது ஆற்றி அவர் கையில் திணித்துவிடுவார். சேலத்துக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றால், முன்னால் நிற்கும் வண்டியா பின்னால் நிற்கும் வண்டியா என்று பார்த்துப் பார்த்து, இரண்டையும் வழியனுப்பி வைத்துவிட்டு மூன்றாவது வண்டிக்காகக் காத்திருப்பார். அதில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் தொழிலில் மனுஷன் புலி. விவசாயிகளின் போர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். டெம்போவிலிருந்து மோட்டாரை இறக்கும்போதே ஒரு முறை முகர்ந்து பார்த்து, "வெந்துருச்சுங்க, நாளான்னிக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார் வாசிக்க வந்தால் ஆளே மாறிவிடுவார். டும் டும் என்று வாசிப்பதால் டும் அண்ணன். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், நான் பார்த்ததில்லை.

நான் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் அறிவிப்பாளன். பகலெல்லாம் உரக்கடையில் யூரியா மூட்டைகளோடு பேசிக்கொண்டிருப்பவன், பொழுது சாய்ந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு "உங்கள் இதயங்களைக் கொள்ளையடிக்க இதோ வருகிறார்" என்று ஆரம்பித்துவிடுவேன். எங்கள் முதலாளி கீபோர்டு மாஸ்டர். வேனும் அவருடையது, கோபமும் அவருடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டும் அண்ணனின் வீட்டுக்காரம்மா, எங்களுக்கெல்லாம் அண்ணி, ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிகளுக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். ஒரு நாள் கச்சேரி முடிந்து நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது, மனசில் ரொம்ப நாளாக வைத்திருந்ததை அண்ணி கேட்டேவிட்டார்.

"ஏங்க, எல்லாரும் வாசிக்கறாங்க. நீங்க மட்டும் ஏன் சும்மா தடவிக்கிட்டே நிக்கறீங்க?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டும் அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் இறங்கிவிட்டது. பேஸ் கிடாரின் குரல் பாட்டுக்கு அடியில் கிடப்பது. அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க எல்லோருக்கும் வராது. அண்ணியின் தம்பிகள் வேறு, மாமாவை மேடையில் அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் கிண்டலடித்திருக்கிறார்கள். டும் அண்ணன் என்னைத் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்: "ஒரே ஒரு தடவ, தம்பி. நா வாசிக்கறது அவ காதுல தனியா உழுவணும். அது போதும் எனக்கு." அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அவரிடம் இருந்தது பாசிவ் வகைக் கிடார். அதற்குப் பேட்டரி கிடையாது. கம்பி, கம்பிக்குக் கீழே காயில், அவ்வளவுதான். விரல் தட்டுவது அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். இன்னொரு வகை ஆக்டிவ். அதன் வயிற்றில் ஒரு சின்ன போர்டும் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரியும் இருக்கும். மேலே உள்ள திருகுகளைத் திருகினால் சத்தத்தை எடுப்பாகத் தூக்கிக் கொடுக்கும். காயில் கட்டுகிறவருக்குக் காயிலை நம்புவதா பேட்டரியை நம்புவதா என்று ஒரு குழப்பம் வந்தால் எப்படி இருக்கும்? பல வருஷம் ஓடியது.

பாசிவ் கிடாரின் தொல்லைகள் எங்களுக்கும் தெரியும். பண்டிகை ஜெனரேட்டர் கரண்டில் அது 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். கம்பிமேல் கை இருந்தால்தான் அடங்கும். அதனால் மேடை ஏறினால் டும் அண்ணன் கம்பியிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். கொசு கடித்தாலும் அப்படியே நிற்பார். ஊர் பெரியதனக்காரர் துண்டு போர்த்த வந்தால், கும்பிடக் கை இல்லாமல் தலையை மட்டும் மாடு மாதிரி ஆட்டுவார். ஒரு ஊரில் மரியாதை தெரியாத ஆள் என்று பிரச்சினையாகி, நான் மைக்கில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இடைவேளையில் வடையை டிரம்ஸ்காரர்தான் ஊட்டிவிடுவார்.

ஆக்டிவா, பாசிவா என்று அவர் கேட்காத ஆள் இல்லை. ஒகேனக்கல்லில் கச்சேரிக்குப் போனபோது பரிசலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பரிசல்காரரிடம் முழுசாக விளக்கிக் கேட்டார். அவர் துடுப்பை நிறுத்தாமல், பேட்டரி நனைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது பாசிவுக்கு ஒரு ஓட்டு. அடுத்த வாரம் சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டார். மேடு ஏற வேண்டுமென்றால் பவர் வேண்டும் என்றார் கண்டக்டர். அது ஆக்டிவுக்கு. இப்படியே ஓட்டுகள் சமமாகவே வந்துகொண்டிருந்தன. எங்கே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, அவரே ஆள் பார்த்துக் கேட்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சேலத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர் பாவம். டும் அண்ணன் ரோட்டைக் கடப்பது தெரிந்தாலே சாப்பிடப் போய்விடுவார். காலை பத்து மணிக்கும் சாப்பிடப் போவார். டும் அண்ணன் அசராமல் உட்கார்ந்து அதை ஒரு தட்டு, இதை ஒரு தட்டு என்று சாயங்காலம் வரை தட்டிவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுவார். கடைசியில் கடைக்காரரே ஒரு நாள் பொறுக்க முடியாமல் பழைய பாசிவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஆக்டிவை உறையில் போட்டு அவர் தோளில் மாட்டி, வாசல் வரை கொண்டுவந்து விட்டாராம். டும் அண்ணன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு இப்படித்தான் எடுக்கப்பட்டது.

ஆக்டிவ் வந்ததும் புதுத் தொல்லை வந்தது. வயரின் ஜாக் கிடாரில் சொருகி இருக்கும் வரை, வாசிக்காவிட்டாலும் உள்ளே பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். இதைக் கேட்டதிலிருந்து டும் அண்ணன் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஜாக்கை உருவிவிடுவார். உருவும்போதெல்லாம் ஸ்பீக்கர் பெட்டியில் 'டப்' என்று வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். குழந்தைகள் வீறிடும். ஒரு ஊரில் இறந்துபோன முன்னாள் தலைவருக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது 'டப்'. பெரியவர் ஒருவர் பின்னாலிருந்த பெஞ்சின்மேல் சாய்ந்துவிட்டார். மாஸ்டர் வேனில் வைத்து, இனிமேல் ஜாக்கில் கை வைத்தால் உன் கையில் நான் வைப்பேன் என்று எச்சரித்தார். அதன்பின் ஜாக் சொருகியபடியே கிடந்தது.

அந்த வருஷப் பண்டிகைக்கு அண்ணியை வேனிலேயே கூட்டி வந்தார் டும் அண்ணன். அன்றைக்குத்தான் ஆக்டிவ் அண்ணியின் முன்னால் பேசப் போகிறது. பழைய பேட்டரி ஓய்ந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். புதுசு ஒன்று சட்டைப் பையில் தயாராக இருந்தது. ஆனால் அதை இப்போதே மாற்றுவதா, கச்சேரி ஆரம்பிக்கும்போது மாற்றுவதா என்று மத்தியானத்திலிருந்தே யோசனை. என்னிடம் கேட்டார், மாஸ்டரிடம் கேட்டார், பந்தல்காரரிடம்கூடக் கேட்டார்.

கச்சேரிக்கு முன் சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். ஊருக்குத் தார் ரோடு வந்த வரலாற்றை ஜல்லி ஜல்லியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கையிலிருந்த வயர் இல்லாத மைக் சட்டென்று செத்தது. அதற்கும் அதே சதுர பேட்டரிதான், காலி. கூட்டத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சிலர் கையே தட்டினார்கள். விருந்தினர் மட்டும் வாயைத் திறந்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்த முகத்தை டும் அண்ணனால் பார்க்க முடியவில்லை. யோசிக்காமல், ஆமாம், யோசிக்காமல், ஓடிப்போய்ப் பையிலிருந்த பேட்டரியை மைக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். விருந்தினர் ரோட்டை முதலிலிருந்து மறுபடி போட்டார்.

பேச்சு முடிந்ததும் அந்த மைக் நேராகப் பாடகியின் கைக்குப் போய்விட்டது. பாடுகிறவர் கையிலிருந்து பேட்டரியைப் பிடுங்க முடியுமா? ஊர்க் கடையில் டார்ச் லைட் செல்தான் இருந்தது. சரி, பழையது தாங்கும் என்று திருகுகளையெல்லாம் முழுசாகத் திருகிவிட்டு ஆரம்பித்தார் டும் அண்ணன். இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் கிடார் தொண்டை கட்டிய மாதிரி கரகரத்தது, அப்புறம் நின்றேவிட்டது. அண்ணி எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, அதனால் அவர் விரலை நிறுத்தவில்லை. கச்சேரி முடியும் வரை, சத்தமே வராத கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது வேனில் டும் அண்ணனும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன் சீட்டில் நான். மொரப்பூர் தாண்டியதும் அண்ணி மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏங்க, முத ரெண்டு பாட்டு வரைக்கும் இருந்துச்சு. கொஞ்சம் ஓவராவே இருந்துச்சு. அப்புறம் என்னமோ போயிருச்சுங்க. எல்லாரும் பாடறாங்க, அடிக்கறாங்க, ஆனா பாட்டு தரையில காலே வெக்கல."

"எது போச்சு?" என்றார் டும் அண்ணன்.

"நெஞ்சுக்குள்ள ஒன்னு வந்து வந்து தட்டுமே, அது. உங்க கச்சேரிக்கு எப்ப வந்தாலும் இருக்கும். அது பாட்டோட பொறந்ததுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுதான் நீங்களா?"

டும் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப தூரம் போனபிறகு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அந்தப் பழசப் போயி குடுத்துட்டு வந்துட்டனே" என்றார். அண்ணி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறிச் சேலம் போனார். கடைக்காரர் அந்தப் பழைய பாசிவை எப்போதோ விற்றிருந்தார். யாரோ வெளியூர்க்காரர், பேர் தெரியாது என்றார். அதற்குப் பிறகு எந்த ஊர் மேடையைப் பார்த்தாலும் டும் அண்ணன் பின்பக்கமாகப் போய் அங்கிருக்கும் பேஸ் கிடாரின் முதுகைத் தடவிப் பார்ப்பார். பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு அவருடைய பழைய கிடாரின் முதுகில் ஒரு வடு இருந்தது. அது எங்கேயும் கிடைக்கவில்லை. ஆக்டிவையே திருகுகளைக் குறைத்து வைத்து வாசித்தார். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எப்படி இருந்தது என்று அண்ணியைக் கேட்பார். அண்ணி நன்றாக இருந்தது என்பார். பழைய மாதிரியா என்று அவர் கேட்டதில்லை, அண்ணியும் சொன்னதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைக்காரர்மேல் ஆத்திரம் வரும். பாவம், அவர் என்ன செய்வார்?

போன தை மாதம் பட்டறையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போது எங்களிடம் ஒரு புது ஆள் வாசிக்கிறார். நல்ல கைதான். டீயா காபியா என்று கேட்டால் உடனே பதில் சொல்கிறார். இந்த வருஷப் பண்டிகைக்கு அண்ணியை அழைக்க நானே வீட்டுக்குப் போனேன். முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், வாங்க அண்ணி என்றேன். அண்ணி எனக்குக் காபி கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வேணாம் தம்பி. முன்னல்லாம் ஒன்னும் தெரியாம உக்காந்து கேட்டுட்டு வந்துருவேன். இப்ப வந்தா, எது இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

நான் வற்புறுத்தவில்லை. மேடையில் டும் அண்ணன் பக்கத்திலேயே நின்றவன், எனக்கும் தெரிகிறது.