மைக்ரான் அண்ணனின் பாட்டு ரூம்

ஓசூரில் லட்சக்கணக்கான காதுகள் இருக்கின்றன. ஆனால் கேட்கத் தெரிந்த காதுகள் இரண்டே இரண்டுதான், அந்த இரண்டும் மைக்ரான் அண்ணனின் தலையில்தான் இருக்கின்றன என்று எங்கள் தெரு பல வருடங்களாக நம்பிவந்தது. இதைச் சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர். அவரை நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அண்ணனின் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பயன்படுத்தியவர் யாருமில்லை. வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டு, அதில் ஒரு கூறுக்காகச் சண்டை பிடிக்கிற வேலை. அந்த ஒரு கூறுக்குப் பெயர்தான் மைக்ரான். ஓட்டலில் வடையின் நடு ஓட்டை நடுவில் இல்லை என்று பாக்கெட்டிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து காட்டியவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

நானும் அதே கம்பெனிதான், பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை மெஷின் ஓங்கி அடித்து வடிவம் எடுக்கிற இடம். அண்ணனும் பதினெட்டு வருடம் அங்கே அடி வாங்கிவிட்டுத்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனார். ஜூஜுவாடி பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு பிரஸ் ஷாப்பில் இருப்போம். வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். புதிதாகக் குடிவந்தவர்கள் தெருவே சண்டையில் இருப்பதாக நினைத்து ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள்.

பாட்டு கேட்பதற்கென்றே அண்ணன் கட்டிய பாட்டு ரூம் பிறந்தது பெங்களூரில் ஒரு ஸ்பீக்கர் கடையில். அங்கே அண்ணன் ஒரு பெரிய ஸ்பீக்கரைக் காட்டி விவரம் கேட்டிருக்கிறார். விற்பனையாளர் சிரித்தபடி, "எந்த ஊர் சார்? ஓசூரா? அங்க ஃபேக்டரி சத்தத்துல இதெல்லாம் எங்க கேக்கப் போகுது! சின்னதா ஒண்ணு எடுத்துக்குங்க, போதும்" என்றாராம். திரும்பி வரும் பஸ் எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் அண்ணன் முடிவெடுத்துவிட்டார். பெங்களூர்க்காரனே வந்து உட்கார்ந்து, கேட்டு, ஓசூர்க்காரன் கட்டிய ரூம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அவருக்கு வாழ்க்கையில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாடகைக்கு விடலாம் என்று மாடியில் வைத்திருந்த போர்ஷன் காலியானது. முதல் பலி கொத்தனார். எதிரெதிர்ச் சுவர்கள் நேருக்கு நேர் இருந்தால் சத்தம் பந்து மாதிரி மாறி மாறி அடிக்குமாம். அதனால் ஒரு சுவரை வேண்டுமென்றே நாலு அங்குலம் கோணலாகக் கட்டச் சொன்னார். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த அந்தக் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பது வருசமா மட்டம் புடிச்சி கட்டிட்டு வர்றேன். கோணலா கட்டணும்னா எதுக்குங்க நானு? நேத்து வேலைக்கு வந்தவன கூப்புடுங்க, அவன் தானா கோணலா கட்டுவான்."

"அவன் கட்டுனா எத்தினி அங்குலம் கோணும்னு சொல்ல முடியாது மேஸ்திரி. கரெக்டா நாலு அங்குலம் கோணணும். அதுக்கு ஒங்களாட்டம் ஆளுதான் வேணும்."

கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாலு அங்குலத்துக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் கோணலாக்கிக் கொடுத்தார். போகும்போது மட்டும், "நான் கட்டுனதுன்னு எங்கியும் சொல்லிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஹைவேயில் லாரிக்காரர்கள் அடிக்கும் ஏர் ஹாரன் உள்ளே வரக்கூடாது. எனவே சுவருக்குள் இன்னொரு சுவர், நடுவில் பஞ்சு. மூலைக்கு மூலை தலையணைப் பஞ்சு மூட்டைகள். கதவுதான் எங்கள் தெருவின் பெருமை. ரோஜாப்பூ ஏற்றுமதி செய்கிறவர்கள் பூவைக் குளிரில் வைக்கும் அறையிலிருந்து கழற்றிய பழைய கதவு, ஒரு சாண் கனம். அதை மாடிக்கு ஏற்றப் பதினோரு பேர் ஆனோம். அந்தக் கதவைச் சாத்தினால் வெளியே உலகம் அழிந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

கதவைத் தேடிக் கொடுத்தவர் அண்ணனின் மனைவி சரோஜாக்கா. பாகலூர் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். ஒரு ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலை. பண்ணையில் சொட்டு நீர்க் குழாய் எந்த வரிசையில் கசிகிறது என்று கூடாரத்துக்கு வெளியே நின்று, காதால் கேட்டே சொல்லிவிடுவார். அதைப் பார்த்த பிறகும் எங்களுக்கு மூளை வேலை செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டவரைச் சாப்பிடக் கூப்பிடுவது எப்படி? அண்ணன் ஃபேக்டரி முறையில் ரூமுக்குள் மூன்று விளக்கு மாட்டினார். கீழே சமையலறையில் ஸ்விட்ச். பச்சை எரிந்தால் காபி, மஞ்சள் எரிந்தால் விருந்தாளி, சிவப்பு எரிந்தால் அவசரம். கம்பெனியில் சிவப்பு எரிந்து லைன் நின்றால், காரணம் கிடைக்கும்வரை ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுத வேண்டும். வீட்டிலும் சிவப்பு எரிந்தபோது பேப்பரும் பேனாவுமாக இறங்கி வந்தார்.

"ஏன் சிவப்பு?"

"பால் பொங்கிப் போச்சு."

"ஏன் பொங்குச்சு?"

"நான் வாசல்ல நின்னேன்."

"ஏன் நின்ன?"

"கேஸ்காரர் அரை மணி நேரமா நின்னுட்டு இருந்தாரு."

"ஏன் நின்னாரு?"

"சிலிண்டர தூக்கி வைக்க ஒரு ஆம்பள வருவாருன்னு."

அண்ணன் ஐந்தாவது 'ஏன்' கேட்காமலே மாடிக்குப் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்து அவர் பாதியில் விட்ட ஒரே விசாரணை அதுதான்.

ரூம் முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டிராயிங்கில் மாற்றம் செய்தால் ரிவிஷன் நம்பர் போடுவது போல, திரைச்சீலை மாற்றினால் ரிவிஷன் மூன்று, ஸ்பீக்கரை அரை அடி தள்ளினால் ரிவிஷன் நான்கு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நாலு காலுக்கும் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம். உள்ளே வருபவர்கள் செருப்பு, சாவிக்கொத்து, செல்போன் மூன்றையும் வெளியே தட்டில் வைக்க வேண்டும். பெயர் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். காய்கறி வாங்கும் இடத்தில்கூட, "அண்ணா, இப்ப எத்தினாவது ரிவிஷன்?" என்று கேட்பது எங்கள் தெருவில் மரியாதைக்கு அடையாளமாகிவிட்டது.

ஒரே ஒரு குறை மட்டும் தீரவில்லை. சலங்கை, வயலின் கம்பியில் வில் உரசும் மெல்லிய ஓசை, இப்படி உச்சத்தில் வருபவை எதுவுமே சரியாகக் கேட்கவில்லை என்பார். "ரூம்ல எங்கியோ தப்பு இருக்குது. முழுங்குது." மெல்லிய ஓசைக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரை மூன்று முறை மாற்றினார். அதன் குமிழை ஒவ்வொரு ரிவிஷனிலும் கொஞ்சம் ஏற்றினார். பதினோராவது ரிவிஷனில் எங்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்துக் கேட்டார். நாங்கள் ஏழு பேர், ஏழு பேரும் பிரஸ் ஷாப், ஒரே குரலில் சொன்னோம்: "இப்பதான் அண்ணா க்ளியர்! சலங்கை பக்கத்துல நின்னு ஆட்டுற மாதிரி இருக்குது."

சரோஜாக்கா மட்டும் வாசலிலேயே நின்று, "காதுல ஊசி குத்துதுங்க. கொஞ்சம் கொறைங்களேன்" என்றார்.

"உனக்கு ரோஜா தெரியும், சவுண்டு தெரியாது" என்றார் அண்ணன். நாங்களும் தலையை ஆட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன்.

பெங்களூரில் இப்படிப் பாட்டு ரூம் வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அண்ணன் அழைப்பு அனுப்பினார். ஒரு ஞாயிறு காலை ஐந்து பேர் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலமே போட்டிருந்தோம். அண்ணன் தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். நாங்கள் ஏழு பேரும் குளித்துவிட்டு மாடிப்படியில் அணிவகுத்து நின்றோம்.

சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கதவைத் தடவிப் பார்த்தார்கள், கோணல் சுவரைக் கண்டு வியந்தார்கள். அண்ணன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு முதல் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் தோளைக் குறுக்கிக்கொண்டார். அடுத்தவர் பல்லைக் கடித்தார். மூன்றாமவர் காது அரிப்பது போலக் காட்டிக்கொண்டு ஒரு காதை நைசாக மூடினார். இன்ஸ்பெக்‌ஷன்காரரின் கண்ணிலிருந்து அது தப்புமா?

அவர்களில் மூத்தவர் மிகவும் தன்மையாகக் கேட்டார். "ரூம் பிரமாதம் சார். ஒரே ஒரு டவுட். மேல் சத்தத்த இவ்ளோ ஏத்தி வச்சது யாரு?"

"நான்தான்."

"நீங்க எங்க வேல பாத்தீங்க?"

"பிரஸ் ஷாப்ல பதினெட்டு வருசம்."

மூத்தவர் வெளியே தட்டில் இருந்த தன் செல்போனை எடுத்துவந்து ஸ்பீக்கரில் இணைத்தார். பிறகு எல்லோரையும் உள்ளே அழைத்து, கையைத் தூக்கச் சொன்னார். விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், ஏறிக்கொண்டே போகும், கேட்காமல் போனதும் கையைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஏழு கைகளும், கம்பெனி சங்கு ஊதியது போல, ஒன்றாக இறங்கின. அண்ணனின் கை எங்கள் கைக்கும் முன்னாலேயே இறங்கிவிட்டது. பெங்களூர்க்காரர்களின் கைகள் நின்றிருந்தன. எங்களுக்கு அமைதி, அவர்களுக்குச் சத்தம். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். மூத்தவர் நிறுத்தப் போனபோது வாசலில் காபித் தட்டோடு நின்ற சரோஜாக்கா சொன்னார்: "எனக்கு இன்னும் கேக்குதுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னும் கேக்குது. கை ரெண்டும் தட்டுல இருக்குது, தூக்க முடியல, அதான் வாயால சொல்றேன்."

பெங்களூர்க் கார்கள் போன பிறகு அண்ணன் அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு அளவுகோலையும் வருடா வருடம் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற மனிதர். தன் காதை ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. கழிவான பாகங்களுக்குக் கட்டுகிற சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்துத் தன் தீபாவளிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கும் ஏழு சீட்டு தேவைப்பட்டது.

சரோஜாக்கா வந்து அந்தச் சீட்டைப் பிய்த்துப் போட்டார். "பதினெட்டு வருசம் அங்க காதக் கொடுத்துட்டுத்தான் இந்த வீட்டக் கட்டுனீங்க. இதுல ரிஜெக்ட்டு என்னா இருக்குது? எழுந்திரிங்க, நான் ஒக்காரணும்."

அன்றே ரிவிஷன் பன்னிரண்டு தொடங்கியது. நாற்காலியின் காலை அக்காவின் உயரத்துக்கு அறுத்து, மஞ்சள் கட்டத்தை அழித்துப் புதுக் கட்டம் போட்டார் அண்ணன். அக்கா உட்கார, அண்ணன் குமிழில் கை வைத்தார்.

"கொறைங்க."

குறைத்தார்.

"இன்னும்."

குறைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பதினோரு ரிவிஷனாகப் பாடுபட்டுத் தேடிப் பிடித்த சலங்கை, அவர் கையாலேயே அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. "போதுங்க. இதுக்கு மேல கொறச்சா ஒங்களுக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்கறதுக்காக அளவ மாத்த முடியாது. எது சரியோ அத சொல்லு."

அக்கா இன்னும் இரண்டு முறை குறைக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மனதாரப் பிடித்தால் மட்டும் வரும் தன் தாய்மொழித் தெலுங்கில், "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

மூன்று மாதம் கழித்து பெங்களூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை யாரும் காதைச் சொறியவில்லை. மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்கள் பொறுமை இழந்து இருமிய பிறகுதான் எழுந்தார். "தும்ப சென்னாகிதே சார், ரொம்ப நல்லா இருக்குது" என்று கன்னடத்திலும் தமிழிலும் சொல்லி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெங்களூர்லயே எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒரு ரூம் இல்ல. இந்தத் தடவ யாரு ட்யூன் பண்ணது?"

"எங்க வீட்டம்மா. ஓசூர்தான்" என்றார் அண்ணன், பிரஸ் ஷாப் குரலில். ஒரு சாண் கனக் கதவு திறந்திருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

போன வாரம் ரூமுக்குப் போயிருந்தேன். அக்கா நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏண்ணா, ஒங்களுக்கு அந்த மேல் சத்தம் கேக்குதா?" என்றேன்.

"இல்ல. அவ புருவத்தப் பாரு. லேசா தூக்குறா பாரு, இப்பதான் வில்லு மேல போவுது."

நானும் பார்த்தேன். எனக்கும் அந்த வில்லின் ஓசை கேட்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை எழுந்து வர மனமில்லாமல் அவர் தோளை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன்.