பூட்ஸ் போட்ட எழுத்து

இனி உலகத்தில் ஒரே எழுத்துதான் என்று ஒருநாள் முடிவெடுத்தேன். அச்சகத்தில் விளம்பரப் பலகைகளும் நோட்டீஸ்களும் வடிவமைப்பது என் வேலை. வீட்டில்தான் முடிவெடுக்கும் உரிமை இல்லை, கம்ப்யூட்டரிலாவது இருக்கட்டுமே!

நான் தேர்ந்தெடுத்தது தடித்த கட்டை எழுத்து. கோடெல்லாம் ஒரே பருமன். ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் சதுரமாக ஒரு கட்டை, பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. 'தள்ளுபடி' என்று அதில் அடித்தால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஆள் இறங்கி வரும். 'நுழையாதே' என்று அடித்துவிட்டு நானே கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன்.

முதலாளிக்கும் மகிழ்ச்சிதான், பல் டாக்டரின் விசிட்டிங் கார்டை நான் அதிலேயே அடிக்கும் வரை. பெயரும் பட்டமும் கார்டை அடைத்துக்கொண்டன. போன் நம்பரில் கடைசி மூன்று இலக்கங்களுக்கு இடமில்லை.

"இன்னொரு தப்பு நடந்தா நீங்க வீட்டோட இருந்துக்கலாம்" என்றார் முதலாளி.

அன்று வீட்டில் என் மனைவி அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, மெல்லிசா சின்ன எழுத்தே கிடையாதா?"

"இருக்கு. முதுகெலும்பு இல்லாத எழுத்து!"

"அது உங்க கண்ணுக்குத் தெரியலையோ?"

"எனக்கா? கழுகுக் கண்ணு!"

"அப்ப பேப்பரை ஏன் கையை நீட்டிப் பிடிச்சுப் படிக்கிறீங்க?"

"செய்தி எதுவும் சரியில்லை. தள்ளி வெச்சுப் படிக்கிறேன்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அதுதான் ஆபத்து என்று பதினெட்டு வருட அனுபவம் சொன்னது. நான்தான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு தாளை நீட்டினாள். மகளின் கம்ப்யூட்டரில் அவளே அடித்தது. என் கட்டை எழுத்தில், கம்பீரமாக: 'ஞாயிறு மதியம் கணவரை யாரும் எழுப்பக் கூடாது.'

எத்தனை வருடக் கோரிக்கை! அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது.

"கீழயும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"படிச்சாச்சு. ரொம்ப நியாயம்!" போட்டேன்.

"அப்ப கிளம்புங்க."

"எங்கே?"

அவள் வாசித்தாள்: "'இன்றே கண் டாக்டரிடம் வருகிறேன். பாத்திரமெல்லாம் நானே துலக்குகிறேன், கண்ணாடி வரும் வரை.' நியாயம்னீங்களே!"

கண்ணாடி வந்தது. பல் டாக்டரின் கார்டை மெல்லிய எழுத்தில் மறுபடி அடித்தேன். எல்லா இலக்கங்களும் அடக்கமாக உட்கார்ந்தன. வேலை தப்பியது. உண்மையைச் சொல்கிறேன், கண் மங்குகிறது என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்று மூன்று மாதமாக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அதை அவளிடமே சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் நான் கையெழுத்துப் போட்ட தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெருமையாகப் படித்தேன். பாத்திர வரிக்கும் கீழே, அதைவிடப் பொடியாக, அவள் அன்று வாசிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது:

'வந்த பிறகும்.'