பந்து நம்மகிட்டதானே இருந்துச்சு!

தோற்றவர்களில் இரண்டு வகை உண்டு. தோற்றதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேருகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தோற்றதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, எதிரே வருகிறவனைப் பிடித்து நிறுத்தி, "ஆட்டத்தைப் பாத்தீங்களா? என்ன அழகா தோத்தோம்!" என்று ஆரம்பிக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையறாவுக்கு நான் முறைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெண் கேட்டு வரும் முறைக்காரர் இல்லை. அவராவது ஒரு கட்டத்தில் மனம் மாறுவார். நான் சொல்லும் முறைக்காரர், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரே ஒரு முறை பலித்துவிட்ட காரணத்தால், மிச்ச வாழ்நாள் முழுவதும் அதே முறையை ஊரார் தலையில் கட்டிக்கொண்டிருப்பவர்.

அலுவலகங்களில் இவர் உண்டு. சமையலறையில் உண்டு. பிள்ளை வளர்ப்பில் ஏராளமாக உண்டு. ஆனால் கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கால்பந்து மைதானத்துக்குத்தான் வர வேண்டும். வாருங்கள், எங்கள் பெயிண்ட் ஆலை அணியின் கோச்சைக் காட்டுகிறேன். வாரநாட்களில் அவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அந்தப் பாவத்துக்கு, ஆட்ட நாட்களில் முதலுதவிப் பை என் தோளில் தொங்கும். ஆகவே நான் சொல்வதெல்லாம் பக்கத்துப் பெஞ்சிலிருந்து கண்ணால் பார்த்தது.

கீழ் டிவிஷனில் நாங்கள் ஆடிய காலத்தில் இவருடைய முறை பிரமாதமாகப் பலித்தது. மறுப்பதற்கில்லை. பந்தை உயரமாக உதைக்கவே கூடாது. கோல் கீப்பரிலிருந்து ஆரம்பித்து, தரையோடு தரையாக, காலுக்குக் கால், பக்கத்தில் நிற்பவனுக்கு, அவன் தன் பக்கத்தில் நிற்பவனுக்கு, அவன் திரும்ப முதல் ஆளுக்கே என்று குட்டிக் குட்டிப் பாஸாகக் கொண்டுபோய், எதிரணிக்காரன் அசந்து போகும் நேரத்தில் கோலுக்குள் தள்ளிவிட வேண்டும். அசந்து போவதற்கென்றே பிறந்த அணிகள் அவை. அச்சகத்து அணி இடைவேளைக்கு முன்பே இடுப்பில் கைவைத்து நின்றுவிடும். தபால்காரர்கள் வாரமெல்லாம் நடந்த காலை ஞாயிற்றுக்கிழமையாவது நீட்டலாம் என்று வந்தவர்கள். இவர்களுக்கு எதிரே குட்டிப் பாஸ் என்ன, குட்டிக்கரணம் அடித்தாலும் ஜெயித்திருக்கலாம்.

கோப்பை வந்தது. மேல் டிவிஷனுக்கு ஏறினோம். கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை.

மேல் டிவிஷனில் முதல் ஆட்டத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும். அந்த அணிகள் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. எங்கள் கீப்பர் காலுக்குப் பந்து வரும்போதே மூன்று பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் பதறிப்போய்ப் பக்கத்து ஆளுக்குத் தள்ளினார். அந்த ஆள் காலில் பந்தும் எதிரணிக்காரனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஐந்து கோல் வாங்கினோம். ஒன்றுகூடப் போடவில்லை.

"பந்து பெரும்பாலும் நம்மகிட்டதானே இருந்துச்சு?" என்றார் கோச், வண்டியில் ஏறும்போது.

இருந்தது. யார் இல்லை என்றார்கள்? எலிப்பொறிக்குள் மாட்டிய எலியிடம்கூடத்தான் ரொட்டித் துண்டு இருக்கிறது.

ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள், வேலை முடிந்ததும், கலவைப் பிரிவின் சிமென்ட் தரையில் வகுப்பு நடக்கும். காலி டப்பாக்களின் மூடிகளைப் பரப்புவார். நீல மூடிகள் நாங்கள், சிவப்பு மூடிகள் எதிரணி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீல மூடிகளை இங்கும் அங்கும் நகர்த்தி, ஒரு சிறு திருகாணியைப் பந்தாக வைத்து, கோல் மேல் கோலாகப் போடுவார். பார்க்க அவ்வளவு ரம்மியமாக இருக்கும். அந்தச் சிவப்பு மூடிகள்தான் எத்தனை நல்லவை! வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

ஒருநாள் எங்கள் கேப்டன் கேட்டுவிட்டான். அவன் கோச்சின் மனைவிக்குத் தம்பி. மைதானத்தில் சார் என்பான், கோபம் வந்தால் அத்தான் என்பான். எந்த வேலையிலும் ஒட்டாமல் மூன்று இடம் மாறி, அக்காவின் சிபாரிசில் எங்கள் ஆலையின் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு வந்து சேர்ந்தவன். பந்து காலில் இல்லாத நேரமெல்லாம் தலைமுடியைக் கோதிக்கொண்டிருப்பான்.

"சார், இந்தச் சிவப்பு மூடியெல்லாம் நகராதா?"

"அது நகர்றதுக்குள்ள நாம பாஸ் பண்ணிடுவோம்."

"நகர்ந்துட்டா?"

"இன்னும் நல்லா பாஸ் பண்ணணும்."

"அப்பவும் நகர்ந்தா அத்தான்?"

கோச் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பெயிண்ட் உரிந்திருக்கும். "முறை சரி. ஆளுங்கதான் சரியில்லை" என்றார். முறைக்காரர் என்ற இனத்தின் தேசிய கீதம் இது. நின்றுகொண்டு பாடுவார்கள்.

இந்தக் கூத்தில் அதிகம் அடிபட்டவர் எங்கள் கீப்பர். கொதிகலன் அறையில் ஃபிட்டர் வேலை. கைக்கு எட்டிய பந்தைத் தவறவிட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் அவருக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டும். அப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து, பந்து வந்தால் கையால் தூக்கி உதைக்காதே, காலாலேயே நிதானமாகப் பாஸ் கொடு என்றால் அவர் என்ன செய்வார்? நிதானமாக எதிரணிக்குக் கொடுப்பார். கொடுத்தார். பார்வையாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "வாங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு!" என்று கூப்பாடு போட்டார்கள்.

ஒருநாள் உடைமாற்றும் அறையில் அவர் ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "என் பொண்ணு இனிமே மேட்ச் பாக்க வரமாட்டேங்கறா சார். ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம்."

இதற்கு மனிதனாகப் பிறந்தவன் என்ன பதில் சொல்வான்? கோச் சொன்னார்: "சின்னப் பொண்ணு. அவளுக்கு ஆட்டம் புரியலை."

கீப்பர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். நான் பையைத் திறந்து திறந்து மூடினேன். அதற்குப் போட மருந்து எதுவும் அதில் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் கேப்டன் பொறுமையிழந்தான். நாலு பேர் சூழ்ந்த நேரத்தில் பந்தை எல்லோர் தலைக்கும் மேலே ஒரே தூக்காகத் தூக்கி அடித்தான். அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த மைதானத்தில் எங்கள் ஆள் ஒருவன் தனியாக ஓடிப் பிடித்து உதைத்ததில் கோல் கம்பமே அதிர்ந்தது. அந்த சீசனிலேயே கோலுக்கு அவ்வளவு பக்கத்தில் நாங்கள் போனதில்லை. கோச் என்ன செய்தார் தெரியுமா? கேப்டனை உட்கார வைத்தார். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் அவனை எடுக்கவில்லை. ஒழுக்கம் தவறினானாம்!

கம்பம் அதிர்ந்த அன்று ராத்திரி கோச் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன். அவர் மனைவி தட்டு வைத்துக்கொண்டே கேட்டார்: "என் தம்பி அடிச்சது கம்பத்துல பட்டுச்சாமே?"

"பட்டா? அது கோலா?"

"இல்லதான். உங்க ஆளுங்க அடிச்சது எதுல பட்டுச்சு?"

அன்று கோச் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் நிர்வாகம் ஒரு குண்டைப் போட்டது. அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் கலைக்கப்படும். மைதானம் லாரி நிறுத்துமிடமாகும். கடைசி ஆட்டம் துறைமுக அணியோடு. அவர்கள் பட்டியலில் உச்சியில் இருந்தார்கள். நாங்கள் டிராவாவது செய்தால்தான் பிழைப்போம். கேப்டன் ரோஷத்தை விட்டு, லோடு ஏற்றும் இடத்தில் கோச்சை மடக்கினான்.

"அத்தான், குட்டிப் பாஸ் தப்புன்னு நான் எப்பவாவது சொன்னேனா? அவங்க மூணு பேர் நம்ம கோலுக்கு வந்து நிக்கறாங்கன்னா, அவங்க பக்கத்துல மூணு பேர் குறையறாங்க. ரெண்டு தடவை தலைக்கு மேல போட்டா பயந்து பின்னாடி போவாங்க. போனா நடுவுல இடம் கிடைக்கும். அப்புறம் உங்க குட்டிப் பாஸை ஆசை தீர ஆடலாம். ஒரே விஷயம், பந்தைக் கால்ல வெச்சுக் கொஞ்சிட்டு நிக்கக் கூடாது. வந்ததும் தட்டணும்."

"உனக்கு எதையும் தூக்கிப் போட்டுட்டு ஓடறதுதான் பழக்கம்" என்றார் கோச். "மூணு வேலையை அப்படித்தான் தூக்கிப் போட்டே."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. முடியைக்கூடக் கோதவில்லை. ஆனாலும் நடுவில் ஆடுபவனுக்குக் கணுக்கால் பிசகியதால் அவனை எடுத்தே ஆக வேண்டியதாயிற்று.

ஆட்டம் ஆரம்பித்தது. துறைமுகக்காரர்கள் மூட்டை தூக்கும் வேகத்தில் வந்து விழுந்தார்கள். கீப்பர் காலிலிருந்தே இரண்டு கோல். மூன்றாவதும் போயிருக்கும், அதற்குள் கோச் ஒரு காரியம் செய்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போய், கீப்பர் பக்கத்தில் நின்று, எந்தத் திசையில் பாஸ் கொடுக்க வேண்டுமென்று தன் ஷூ முனையால் காட்ட ஆரம்பித்தார்.

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நீங்க பன்னெண்டாவது ஆளா சார்?"

"நான் கோச்."

"அப்படியா? வெளிய போங்க. மைதானத்தை விட்டு இல்லை, கேட்டை விட்டு."

வாழ்க்கையில் அவர் அணிக்குச் செய்த ஆகப் பெரிய உபகாரம் அதுதான். கேட்டுக்கு வெளியே, ஓர் உயர மதிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து சத்தம் மட்டும் கேட்கும்.

இடைவேளையில் எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் கீப்பரைப் பார்த்தான்.

"அண்ணே, கையில எடுத்து உதைக்கறீங்களா?"

"உதைக்கலாமா?" என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் விடுமுறையா என்று கேட்கும் குரல்.

"எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்."

முதல் பந்து தலைக்கு மேல் போனபோது துறைமுகக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாவது போனபோது அவர்களுடைய பின்வரிசை ஓட்டமாக ஓடியது. மூன்றாவது பந்து கோலில் விழுந்தது. அதற்குப் பிறகு முன்னால் பாய வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பாதியிலேயே நின்றார்கள். நடுவில் இடம் பிறந்தது. அந்த இடத்தில் எங்கள் ஆட்கள் வந்ததும் தட்டி, தட்டியதும் ஓடி, ஒருவர் காலிலும் பந்து தங்காமல் ஆடினார்களே, அதுதான் ஐயா குட்டிப் பாஸ். இத்தனை நாளும் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். கேப்டன் இரண்டாவது கோலைப் போட்டான். முடிகிற நேரத்தில் துறைமுக அணி அடித்த அடியைக் கீப்பர் காற்றில் படுத்து இரண்டு கையாலும் வாங்கினார். டிரா. பிழைத்தோம்.

எல்லோரும் கேப்டனைத் தூக்கிக்கொண்டு சுற்றியபோது கீப்பர் ஒரு மூலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "புடிச்சிட்டேம்மா" என்று சொன்னார்.

கேட்டைத் திறந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவர் கோச். கைகளை விரித்துக்கொண்டு, "பாத்தீங்களா? கடைசியில முறை ஜெயிச்சுதா இல்லையா?" என்று கேப்டனைக் கட்டிக்கொண்டார்.

மறுவாரம் யாரோ கைப்பேசியில் எடுத்த ஆட்டத்தை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தார். திரும்பப் பார்த்தார். ஒரு வாரம் டப்பா மூடிகளைத் தொடவே இல்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்து நான் சற்று நெகிழ்ந்துகூடப் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

புது சீசன் முதல் ஆட்டம், புதிதாக மேலேறி வந்த பள்ளி ஆசிரியர்கள் அணியோடு. ஆரம்பிக்கும் முன் கோச் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "தரையில உருட்டறதெல்லாம் பழைய காலம். மேல போற பந்தை எவன் தடுப்பான்? எல்லாம் உயரமா போகணும். எல்லாமே."

ஆசிரியர்கள் பயந்த சுபாவம். ஒருவர்கூட முன்னால் வரவில்லை; வகுப்பறைக்குள் நிற்பதுபோல மொத்தப் பேரும் தங்கள் கோலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்த்து உதைத்தார்கள். இறங்கிய பந்தையெல்லாம் ஒரு நெட்டைக் கணக்கு வாத்தியார் தலையால் முட்டித் திருப்பி அனுப்பினார். அப்படி அனுப்பியதில் ஒன்று தப்பித் தவறி எங்கள் கோலுக்குள் போய்விட்டது.

"அத்தான், அவங்க முன்னாடி வரவே இல்லை. யார் தலையைத் தாண்டி இப்படித் தூக்கிப் போடறோம்?" என்று கேப்டன் கத்தினான். "இவங்களுக்குத்தான் குட்டிப் பாஸ் ஆடணும்!"

"இன்னும் உயரமா போடு!" என்றார் கோச்.

கேப்டன் கைப்பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். நான்காவதாக அவன் தூக்கிப் போட்ட வேலை அது. இந்தத் தடவை அவன் அக்காவே அவனைத் திட்டவில்லை.

நீங்கள் பந்தை உதைத்தே அறியாதவராக இருக்கலாம். அதனால் தப்பித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்த பிள்ளையை அதட்டிய அதட்டலையே இளையவனிடமும் போட்டுப் பார்த்து அது எடுபடாதபோது, இன்னும் கொஞ்சம் சத்தமாக அதட்டினீர்களே, நினைவிருக்கிறதா? இல்லையா? சரி. படிக்கப் படிக்க உங்களுக்கு வேறு ஒருவர் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கும். இதை உடனே அவருக்கு அனுப்பிவிட வேண்டுமென்று கைகூடப் பரபரக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் கைப்பேசியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவர் முந்திக்கொண்டு உங்களுக்கு அனுப்பியிருக்கப் போகிறார்.