இரும்புக்கு மட்டும் கத்தும் மெஷின்

கடவுள் மேல் பாரத்தைப் போட்டவனுக்குப் பயம் கிடையாது என்பார்கள். எனக்குப் பக்தியும் உண்டு, பயமும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தொண்ணூறுகளில் நடந்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. (படிப்பு எட்டாவது. பொறுப்பு முருகன் கொடுத்தது.) வெளிநாட்டுக்குப் போகும் கைக்குழந்தைச் சட்டைகள் தைத்தோம். தைக்கும்போது ஊசி ஒடிந்து முனை துணிக்குள் தங்கிவிட்டால் குழந்தையைக் குத்திவிடும். அதனால் ஒவ்வொரு சட்டையையும் மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்த்தால்தான் சரக்கை எடுப்போம் என்று, வெளிநாட்டுக்காரர்களுக்காக எங்களிடம் சரக்கு வாங்கும் மெட்ராஸ் பையிங் ஆபீஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

முதலாளி முதலில் வாங்கியது, கையில் பிடித்துத் துணிமேல் தடவும் கருவி. அதற்கு எல்லா உலோகமும் ஒன்றுதான். ஊசிக்கும் கத்தும், சட்டையில் இருந்த பித்தளை பிரஸ் பட்டனுக்கும் கத்தும். பிறகு எது பட்டன், எது ஊசி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் மெஷின் வியாபாரி ரபீக் பாய், பெல்ட் ஓடும் பெரிய மெஷின் ஒன்றை ட்ரையலுக்கு இறக்கினார். நடுவில் குகை மாதிரி ஒரு வாய். சட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்.

“இது காந்தத்துல வேல செய்யறதுங்க. பித்தளை போனாக் கம்முனு இருக்கும். இரும்புக்கு மட்டுந்தான் கத்தும்,” என்றார் பாய்.

சோதித்தோம். பட்டனுக்கு மூச்சுக் காட்டவில்லை. ஊசித் துணுக்குக்கு அலறியது.

மறுநாள் பையிங் ஆபீஸ் மேடம் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சுப்பு, மேடம் வேண்டாம்னுட்டா ஆர்டர் போச்சு. செக்கிங்கையே மூடோணும். பாத்துக்க.”

செக்கிங் என்றால் நான் மட்டுமா? மேசை மேசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களும்தான். காலையில் முதல் வேலையாக மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கண் படாமலிருக்க எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, அந்த வாய்க்கு மேலே தொங்கவிட்டேன். நூலில்தான் கோத்திருக்க வேண்டும். கம்பெனி முழுக்க நூல்தான். ஆனால் நூல் அறுந்து, மேடம் கண்ணெதிரே பழம் விழுந்தால் எவ்வளவு பெரிய அபசகுனம்! அதனால் கட்டுக்கம்பியில் கோத்தேன். (என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

மேடம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். முதலாளி சொல்வதற்குள் நானே ஓடிப்போய்ப் பெரிய ஃபேனைப் போட்டேன்.

முதல் சட்டை போனது. அலறல். இரண்டாவது, அலறல். பெல்ட்டில் ஒன்றுமே இல்லை, அப்போதும் அலறல்.

“பட்டனுக்குக் கத்தாதுன்னீங்க. காத்துக்கே கத்துதே?” என்றார் மேடம்.

“ஆராச்சும் இரும்பு வச்சிருக்கீங்களா?” என்றார் பாய், முகம் வெளுத்து.

பெண்கள் ஊக்குகளைக் கழற்றினார்கள். நான் சனீஸ்வரனுக்காகப் போட்டிருந்த இரும்பு வளையத்தைக் கழற்றினேன். நிற்கவில்லை.

“சுப்பு, இடுப்புல என்னய்யா பளபளங்குது?” என்றார் முதலாளி.

“பெல்ட்டுங்க.”

“கழட்டித் தொலை!”

கழற்றினேன். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைகளை விட்டேன். அலறல்.

திடீரென்று கரண்ட் போனது. ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டும்தான். மெஷின் ஓடியது, கப்சிப். சட்டைகள் சமர்த்தாகப் போய் வந்தன. எனக்கு உயிர் வந்தது. கரண்டும் வந்தது. ஃபேன் சுற்றியது. அலறல்!

“முருகா, இதென்ன சோதனை!” என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

ரபீக் பாய் அண்ணாந்து பார்த்தார். என் காதோரம் வந்தார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க சாமி சமாச்சாரம். அந்தப் பழம் ஊஞ்சலாடுதுங்களே, எதுல கோத்தீங்க?”

“கம்பியிலீங்க.”

“என்ன கம்பி?”

“இரும்புதானுங்க…” என்று சொல்லிக்கொண்டே நானும் அண்ணாந்து பார்த்தேன்.

“இரும்பு அசைஞ்சாத்தானுங்க இது கத்தும், ஃபேன் காத்துல கம்பி ஆடுது. நான் தொடக்கூடாதுங்க. நீங்களே அவுத்துருங்க.”

அவிழ்க்க இரண்டு கை வேண்டுமே! மேடம், முதலாளி, அத்தனை பெண்களும் பார்த்திருக்க, பாய் என் பேண்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நான் எக்கி நின்று பழத்தை அவிழ்த்தேன்.

எல்லாச் சட்டைகளையும் திரும்ப விடச் சொன்னார் மேடம். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமில்லை. சத்தமில்லை. பாதியில் ஒரு சட்டைக்கு அலறியது.

“இன்னும் எங்கய்யா பழம் கட்டியிருக்கே?” என்றார் முதலாளி.

எங்கேயும் இல்லை. சட்டையின் தோள் தையலைப் பிரித்தோம். உள்ளே ஓர் ஊசிமுனை. எறும்பு மாதிரி, அவ்வளவுதான். கொஞ்சம் முன்னால் இதே சட்டைக்கு மெஷின் கத்தியபோது, இதுவும் பொய்யாகத்தான் கத்துகிறது என்று நான் நல்ல சட்டைகளோடு சேர்த்து வைத்திருந்தேன். எந்த ஊர்க் குழந்தையோ!

மேடம் அந்த முனையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “மெஷின் ஓகே,” என்றார். “பழந்தான் வேண்டாம்.”

செக்கிங் தப்பியது. நான் தப்பவில்லை. ரபீக் பாய் அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துக்கொண்டே, பேண்ட் உட்பட எல்லாவற்றையும் என் மனைவியிடம் ஒப்பித்துவிட்டார். இன்றைக்கும் நான் வீட்டில் காரணமில்லாமல் சத்தம் போட்டால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. என் மகள் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிடுவாள்.

அவளுக்குக் கல்யாணமான புதிதில், நல்ல சித்திரை வெயிலில், மாப்பிள்ளை முன்னாலேயே இது நடந்தது. அவர் பாவம், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து விசிறியைத் தேடினார்.

“கரண்ட் இருக்குதுங்க மாப்ள,” என்றாள் என் மனைவி. “உங்க மாமனாருக்குப் பழம் ஆடுது. கொஞ்ச நேரத்துல நின்னுரும்.”