அப்பா பெயருக்கு விளக்கில்லாத எழுத்து

பெருமதிப்பிற்குரிய லவினியா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் லேசியேலி பணிந்து எழுதுவது. கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாகச் செமிசி சித்தப்பாவுக்கு. படித்ததும் தேநீரில் முக்கிவிடுங்கள். ஆக்லாந்திலிருந்து வந்த களைப்போடு அப்பா உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் நலமா என்று கேட்பது முறையில்லை. ஆனாலும் நலம்தானே?

அப்பா பெயரோடு வேலியில் கட்டிய வெள்ளைத் துணிப் பதாகைக்கு எழுத்து தேர்ந்தெடுத்தவள் நான். பழைய கால்குலேட்டர் எண்ணைப் போலக் கட்டை கட்டையான எழுத்து. ஓரக்கோடு மட்டும், உள்ளே வெள்ளை. கணினியில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் அப்பா பெயரே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்னம்மா, செல்போன் கடை திறக்கிறீங்களா?" என்று கேட்டார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதோடு போகவில்லை, ஏவுவா தீவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பதாகையில் பெயர் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த தெருச் சாவு வீட்டுக்குப் போய், சாவுச் சீராகக் கொண்டுவந்த பெரிய பன்றியையும் பாய்களையும் இறக்கி, முன்பின் தெரியாத ஒரு கிழவருக்காக நன்றாக அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். கொடுத்த பன்றியைத் திருப்பிக் கேட்க முடியுமா? சித்தப்பா குதித்தார். "எங்க அண்ணன் என்ன கால்குலேட்டராடி? ஆவிக்குப் பேர் வெச்ச மாதிரி வெச்சிருக்க! விடியட்டும், கிழிச்சு அடுப்புல போடுறேன்."

அப்பா ரக்பி மைதானத்தில் ஸ்கோர் பலகையை இயக்கியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து அவர் சுவிட்சை அணைத்ததும் எண்களின் சிவப்பு வெளிச்சம் போய், பலகையில் வெறும் கட்டைக் கோடுகள் நிற்கும். அப்புறம்தான் என்னைத் தோளில் தூக்கி வீட்டுக்கு வருவார். இந்த எழுத்தைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. இதை யாரிடம் சொல்வது?

நம் வழக்கப்படி சாவு வீட்டில் அத்தை சொல்தான் கடைசிச் சொல். சித்தப்பாகூட உங்கள் முன்னால் குனிந்துதான் நடக்கிறார். நாளை அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு எங்கள் முடியை வெட்ட நீங்கள் கத்தரியோடு வரும்போது என் சடையை அடியோடு வெட்டிக்கொள்ளுங்கள், வாய் திறக்க மாட்டேன். அந்தப் பெயரை மட்டும் கிழிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்களுக்கும் மாமாவுக்கும் கர்த்தர் துணையிருக்கட்டும்.

சமையல் கொட்டகையிலிருந்து,
லேசியேலி

பி.கு. மேலே எழுதியது எதுவும் வேண்டாம் அத்தை. கொட்டகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தப்பா வேலி முன்னால் மண்டியிட்டு, சிவப்புப் பெயிண்டால் எழுத்துக்குள்ளே நிரப்பிக்கொண்டிருக்கிறார். கோட்டைத் தாண்டாமல், சின்னப் பையனைப் போல நாக்கை நீட்டிக்கொண்டு. பாதிப் பெயர் சிவப்பு விளக்குப் போல எரிகிறது. அப்பாதான் சுவிட்சைப் போட்டிருக்கிறார் என்று ஒரு நொடி

சித்தப்பா கதவைத் தட்டுகிறார். "லேசியேலி, நீ தூங்கலைன்னு தெரியும். டார்ச்சைப் பிடிக்க வா, சித்தப்பாவுக்குக் கண்ணு மறைக்குது." அத்தை, நான்