அந்த ஒரு வருஷத்துக்கு ஒரு காரணம்

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் டெஸ்ஸாவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. 'கல்லூரி முதலாண்டில் மதிப்பெண்கள் இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் என்ன?'

வேதியியலிலும் கணிதத்திலும் ஃபெயில். அதன்பிறகு முட்டிமோதி எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கிவிட்டாள். இருந்தும் போன வருடம் எங்கும் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை, 'வகுப்புக்குப் போகாமல் தூங்கினேன்' என்று உள்ளதை எழுதி, நெப்ராஸ்காவில் பெற்றோரின் பண்ணை வீட்டு ஞாயிறு விருந்தில் வாசித்துக் காட்டினாள்.

"தூங்குற ஆளை நம்பி யாரு கத்தியைக் கையில குடுப்பாங்க?" என்றாள் அம்மா டோனா. "ஏதாவது கஷ்டத்தை எழுதுடி."

"நமக்கு என்னம்மா கஷ்டம்?"

"நான் குடிகாரன்னு எழுது" என்றார் அப்பா வால்ட், பெருந்தன்மையாக.

"கல்யாண விருந்துலகூட நீங்க ஒரு வாய் பீர் தொட மாட்டீங்கப்பா. ஊரே சிரிக்கும்."

"அப்ப நாங்க பிரிஞ்சிருந்தோம்னு எழுது" என்றாள் அம்மா.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எதுக்குப் பிரிஞ்சோம்?"

"உங்க குறட்டைக்கு."

"குறட்டைக்கா விவாகரத்து?"

"முப்பது வருஷமா விவாகரத்து கேக்காம இருந்தேனே, அதைச் சொல்லணும்."

"சரி, பிரிஞ்சாச்சு. பண்ணை யாருக்கு?"

"மாடெல்லாம் உங்களுக்கு. வீடு எனக்கு."

"கூரை மாத்தினது நான்."

"மாத்தியும் ஒழுகுது."

அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். டெஸ்ஸா அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

"போதும், விடுங்க ரெண்டு பேரும். பொய் சொல்லி டாக்டராக வேண்டாம் எனக்கு. அந்த வருஷம் இந்த வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருந்தீங்க. ஹாஸ்டல்ல எழுப்பிவிட ஆளில்லாம கெட்டுப்போனது நான்." எழுதியதை மடித்து வைத்தாள். "தப்பு என்னோடதுதான். அதையே எழுதறேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் பல வருடம் இருந்துவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்த மாமா கிளைட், அதுவரை சோளக்கதிரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினார்.

"ஏன்க்கா, அந்த வருஷந்தானே உன் கிட்னில ஒண்ணை எடுத்து அத்தானுக்கு வச்சாங்க?"