பக்கத்து வீட்டைப் பாருங்க

மனைவி பார்த்துவைத்த வீட்டை வாங்கப் போவதில்லை என்று வாத்தியார் சபதம் எடுத்தபோது வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. சபதம் சரியாகக் கேட்கவில்லை. துப்பிவிட்டு வந்து மறுபடி எடுத்தார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கும் லாப நோக்கமில்லாத சங்கம் ஒன்றில் ஆலோசகர். குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும், முன்பணத்துக்கும் சங்கம் உதவும். ஆனால் கணவனும் மனைவியும் சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். வகுப்பு எடுப்பவர் இவர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எத்தனையோ பேரை வீட்டுக்காரர் ஆக்கிய புண்ணியவான், தான் மட்டும் வாடகை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து குளித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் வீடு வாங்கித் தர்றீங்க. நமக்கு?" என்றாள் மனைவி.

"வாங்கலாம். அந்த வீடு வேண்டாம்."

"அந்த வீட்டுக்கு என்ன குறை?"

குறை சுவரில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் குடியிருந்தார். தூரத்தில் இருக்கும்போதே வாரம் தவறாமல் வந்து, இவர் நாற்காலியில் உட்கார்ந்து, இவருக்கே புத்தி சொல்கிற மச்சான். இவர் செருப்பு கழற்றுவதில்கூடக் குற்றம் கண்டுபிடித்தவர். ஒரே சுவர் என்றால் கேட்க வேண்டுமா? இங்கே தும்மினால் அங்கிருந்து யோசனை வரும். நினைத்தாலே வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அண்ணன் பக்கத்துல நான் குடியிருக்க மாட்டேன். வகுப்புல உட்காராம யாருக்கும் உதவி கிடையாது. வகுப்பு என் கையில. பார்த்துக்கோ."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட மப்பில் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. வகுப்பில் வாத்தியார் தம்முடைய பேர்போன பாடத்தை ஆரம்பித்தார்.

"சமையலறையைப் பார்க்காதீங்க. தரையைப் பார்க்காதீங்க. முதல்ல பக்கத்து வீட்டைப் பாருங்க. குழாயை மாத்தலாம், கதவை மாத்தலாம். பக்கத்து வீட்டுக்காரரை மாத்த முடியுமா?"

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. காலையில் அவருக்குக் காபி கொடுத்த மனைவியின் கை. பக்கத்து நாற்காலியில் மச்சான், காலை ஆட்டிக்கொண்டு.

யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கதவோரம் மேனேஜர் அம்மா வேறு நின்றிருந்தார். வாத்தியார் சிரித்தார். பல்வலிக்காரர் சிரித்த மாதிரி இருந்தது.

"கேளுங்கம்மா."

"பக்கத்து வீட்டுக்காரர் நமக்குத் தெரிஞ்சவர், நல்லவர்னா அந்த வீட்டை வாங்கலாமா சார்?"

"நல்லவர்னு யார் சொன்னது?"

"கூடப் பிறந்தவ நான் சொல்றேன்."

"சொந்தக்காரங்க பக்கத்துல இருந்தா தொல்லைம்மா. நினைச்சா வந்து நிப்பாங்க."

"நினைச்சா வருவாங்களா?" என்று முன்வரிசை நர்ஸ் ஏக்கத்தோடு திரும்பினாள். "நான் டியூட்டிக்குப் போனா பிள்ளைகளைப் பார்த்துக்க ஆளில்லாம தவிக்கிறேன். உங்களுக்கு வேண்டாம்னா எனக்குச் சொல்லுங்கக்கா."

"எனக்கு வேணும்மா. வீட்டுக்காரர்தான் வேண்டாங்கறார்."

"ஏனாம்?"

"அதைத்தான் சார்கிட்ட கேட்க வந்தேன்."

வகுப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மனுஷனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றார் ஒரு பஸ் டிரைவர். "விலாசம் கொடுங்க, நானே வந்து பேசறேன்" என்றார் இன்னொருவர். தம்மைத் திட்டுவதைத் தாமே தலையாட்டிக் கேட்கும் கொடுமை வேறு எந்த உத்தியோகத்தில் உண்டு?

வகுப்பு கலைந்ததும், மனைவியும் மச்சானும் பின்தொடர, வாத்தியார் மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார்.

"மேடம், நான் இங்க சம்பளம் வாங்கறவன். என் குடும்பத்துக்கு நானே உதவி கொடுத்தா ஊர் என்ன பேசும்? நியாயம்னு ஒண்ணு இருக்கு."

"ரொம்பச் சரி. அதனாலதான் உங்க மனைவி கொடுத்த மனுவை உங்க கையில கொடுக்காம நானே பார்த்துக்கிட்டேன். உங்களுக்கு வேற தடை எதுவும் இல்லையே?"

இருந்தது. மச்சான் உருவத்தில் பக்கத்தில் நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல மேடம்" என்றார் வாத்தியார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சந்தோஷம். ஆனா நீங்களே எடுத்ததால இன்னைக்கு வகுப்பு உங்க மனைவிக்குக் கணக்குல வராது. நீங்க ரெண்டு பேரும் வேற ஒருத்தர்கிட்ட பாடம் கேட்கணும்."

"நானுமா? பாடமே நான்தானே எடுக்கறேன்?"

"நீங்க வீடு வாங்கினதே இல்லையே," என்றாள் மனைவி. "தண்ணியில இறங்காமயே நீச்சல் சொல்லிக் கொடுக்கறீங்க."

மேனேஜர் அம்மா ஆமோதித்தார். சங்கத்தின் உதவியால் வீடு வாங்கி அனுபவப்பட்ட ஒருவர், காசு வாங்காமல் பாடம் எடுக்க முன்வந்திருக்கிறாராம். மச்சான் அடக்கமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அவர் மட்டும் சொந்தம் இல்லையா?" என்று வாத்தியார் கொதித்தார். "இதுதான் நியாயமா?"

"அவர் இங்க சம்பளம் வாங்கலையே."

அடுத்த சனிக்கிழமை வாத்தியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மச்சான் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, "சந்தேகம் வந்தா கையைத் தூக்கிட்டுத்தான் பேசணும், மாப்ளே" என்றார்.